ஜெர்மன் நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் கொஞ்சம் அன்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, படிப்பு, மொழி பழகும் ஆப் என்று ஏதோ ஒரு வழியில் ஜெர்மன் பேசும் ஒருவர் நண்பராகிவிட்டார். அவருக்குப் பிறந்தநாள் வருகிறது. ஆங்கிலத்தில் ஹேப்பி பர்த்டே என்று தட்டிவிட்டு நகர மனம் வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஜெர்மன் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நேரில் சொல்லவும் குரல் செய்தியாகப் பேசி அனுப்பவும் இது போதும். எழுதி அனுப்புவதானால் எழுத்துக்கூட்டலை ஒரு அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வரிதான் சொல்ல முடியும் என்றால் எதைச் சொல்வது?

அல்லெஸ் கூட்டெ ட்ஸும் கெபூர்ட்ஸ்டாக். பிறந்தநாளுக்கு எல்லா நலமும் என்று பொருள். நண்பர், மேலதிகாரி, பக்கத்து வீட்டுப் பாட்டி, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், எங்கேயும் தவறாகாது. இன்னும் கொஞ்சம் மரியாதை தொனிக்க வேண்டுமா, ஹெர்ட்ஸ்லிஷென் க்ளுக்வுன்ஷ் ட்ஸும் கெபூர்ட்ஸ்டாக், அதாவது மனமார்ந்த வாழ்த்து. நெருங்கிய நட்பு என்றால் முதல் வரியில் ‘கூட்டெ’வை எடுத்துவிட்டு, அன்பு என்ற பொருள்தரும் ‘லீபெ’ போடுங்கள்: அல்லெஸ் லீபெ ட்ஸும் கெபூர்ட்ஸ்டாக். ஒரு சொல்தான் மாறியது, ஆனால் வாசிப்பவருக்கு அது தெரியும். சக ஊழியர் எழுதும் வாழ்த்துக்கும் தோழி எழுதும் வாழ்த்துக்கும் பல சமயம் இவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எப்படி உச்சரிப்பது? தமிழில் எழுதினால் சரியாக வருமா?

முக்கால்வாசி வரும். கூட்டெ, கெபூர்ட்ஸ்டாக் இரண்டிலும் முதல் ககரத்தைக் ‘காந்தி’ என்று சொல்லும்போது வருகிற மாதிரிச் சொல்லுங்கள்; கெபூர்ட்ஸ்டாக்கின் கடைசி க் மட்டும் ‘பாக்கு’வில் வருகிற வல்லொலி. ‘இஷ்’, ‘டிஷ்’ என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் உண்மையான ஒலி ‘ஷ்’ஷுக்கும் ‘ஹ்’ஹுக்கும் நடுவே, நாக்கை மேலண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து மூச்சை மட்டும் விடுவதுபோல் வரும். ‘ஷ்’ என்றே சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஜெர்மனியின் சில பகுதிகளில் ஜெர்மானியர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

க்ளுக்வுன்ஷ், க்ரூஸெ, ஃப்யூர் ஆகிய சொற்களில் ஒரு விசேஷ உயிர் ஒலி இருக்கிறது. அதற்குத் தமிழில் எந்த எழுத்தைப் போட்டாலும் அரைகுறைதான். உதட்டை ‘ஊ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு வாய்க்குள் ‘ஈ’ சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். ‘ஷோன்’ என்ற சொல்லுக்கும் அதே வித்தைதான்: உதடு ‘ஓ’, உள்ளே ‘ஏ’. எழுதும்போது அந்த எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளிகள் வரும். உங்கள் கீபோர்டில் புள்ளி இல்லையென்றால் பக்கத்தில் ஆங்கில ‘ஈ’ எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும், அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். புள்ளியை விட்டுவிட்டு வெறுமனே எழுதுவதுதான் பிழை.

இரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வாழ்த்து அனுப்பலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவது கெட்ட சகுனம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சகுனம் எதையும் நம்பாத, எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிற ஆள்கூட முதல் நாளே வாழ்த்தினால் ஒரு மாதிரி நெளிவார். ‘நாளைக்கு எனக்கு வேலை இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்’ என்பதெல்லாம் அங்கே கரிசனமாகப் படாது.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு 12 அடிக்கும்போது ஜெர்மனியில் முதல் நாள் மாலைதான்: கோடைக்காலத்தில் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நேர வித்தியாசம் மூன்றரை மணி, மற்ற மாதங்களில் நாலரை மணி. ஆசையாக நீங்கள் பன்னிரண்டுக்குக் காத்திருந்து அனுப்பும் வாழ்த்து அவருக்கு முந்தின நாளே போய் நிற்கும். காலை எழுந்து காபி குடித்துவிட்டு அனுப்புங்கள். நம் ஊரில் காலை 10.30, 11 மணி என்றால் அங்கே அவர் எழுந்து போனை எடுக்கும் நேரம், அது போதும்.

அதற்காக அவர்கள் நள்ளிரவில் கொண்டாடுவதில்லை என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் மாலையே நண்பர்கள் கூடி, குடித்து, பேசி, பிறந்தநாளுக்குள் கொண்டாடியபடியே நுழையும் வழக்கம் உண்டு, ரைன்ஃபையர்ன் என்று பெயர். அந்தக் கூட்டத்திலும் கடிகாரம் பன்னிரண்டைத் தொடும்வரை ஒருவரும் வாழ்த்த மாட்டார்கள். தொட்டதும்தான் கட்டிப்பிடிப்பதும் கிளாஸ் உரசுவதும். உரசும்போது எதிராளியின் கண்ணைப் பாருங்கள். பார்க்காவிட்டால் ஏழு வருடத்துக்கு ஒரு சாபம் உண்டு, என்ன சாபம் என்பதை நண்பரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்சல் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டால்?

சேரட்டும், அது தவறில்லை. பெட்டிக்குள் இருக்கும் பரிசின் மேல் ‘பிறந்தநாளன்றுதான் பிரிக்கவும்’ என்று ஜெர்மனில் எழுதிவிடுங்கள்: எர்ஸ்ட் ஆம் கெபூர்ட்ஸ்டாக் அவ்ஃப்மாஹென். பெரும்பாலானவர்கள் அதை அலமாரியில் வைத்துவிட்டு நாளை எண்ணுவார்கள்.

இந்தியாவிலிருந்து அனுப்புவதானால் சுங்கத்தையும் யோசியுங்கள். தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்புவரை வரி இல்லாமல் போகும். அதைத் தாண்டினால் உங்கள் நண்பர் பிறந்தநாள் பரிசுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். பால்பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பார்சலில் அனுப்பத் தடை இருக்கிறது, ஆகவே பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். பருத்தித் துண்டு, சுங்குடித் துணி, காபிப்பொடி, ஏலக்காய் என்று யோசியுங்கள்.

மறந்தே போய்விட்டேன், மூன்று நாள் ஆகிவிட்டது. இனிமேல் அனுப்பலாமா?

தாராளமாக. தாமதமான வாழ்த்துக்கு அங்கே எந்தச் சகுனமும் கிடையாது. வரியின் கடைசியில் நாஹ்ட்ரேக்லிஷ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் ‘காலம் கடந்தாலும்’ என்று ஆகிவிடும்: அல்லெஸ் கூட்டெ நாஹ்ட்ரேக்லிஷ். காரணக் கதைகளை நீட்ட வேண்டாம், ஒரு மன்னிப்பு போதும்.

நண்பரிடம் ‘இஷ் லீபெ டிஷ்’ சொல்லலாமா? அன்பைத்தானே சொல்கிறோம்?

வேண்டாம். ஐ லவ் யூ என்பதை ஆங்கிலத்தில் இப்போது எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிறோம், தோழிக்கு, தங்கைக்கு, பிரியாணி செய்து கொடுத்தவருக்குக்கூட. இஷ் லீபெ டிஷ் அப்படிப் புழங்குவதில்லை. காதலர்கள்கூட அதை முதல் முறை சொல்ல மாதக்கணக்கில் தயங்குவார்கள், சொன்ன பிறகு அந்த நாளை நினைவு வைத்திருப்பார்கள். நீங்கள் பிறந்தநாள் குஷியில் அனுப்பிவிட்டால் எதிரில் இருப்பவர் போனைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

நட்புக்கு உரியது இஷ் ஹாப் டிஷ் லீப். அம்மா பிள்ளைக்கு, அக்கா தம்பிக்கு, உயிர்த்தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்வது இதைத்தான். பாசம் முழுதாக இருக்கும், காதல் வாடை இருக்காது. குறுஞ்செய்திக்கு 160 எழுத்துதான் என்றிருந்த காலத்தில் இந்த மூன்று முக்கியச் சொற்களின் முதல் எழுத்தை எடுத்து ‘ஹா டே எல்’ என்று சுருக்கி அனுப்பினார்கள், இன்றைக்கும் சிலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாடை கொஞ்சம் அடிக்கும், அதனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முழுசாகவே எழுதுங்கள்.

அதற்கும் ஒரு படி கீழே இஷ் மாக் டிஷ், உன்னைப் பிடிக்கும். இது கொஞ்சம் ஏமாற்றுகிற வாக்கியம். புதிய நண்பருக்குச் சொன்னால் இனிப்பாக இருக்கும். உங்களைக் காதலிக்கிறேன் என்று சொன்னவருக்குப் பதிலாகச் சொன்னால் கதவைச் சாத்துவது மாதிரி.

ஆண்கள் ஆண்களிடம் இதையெல்லாம் சொல்கிறார்களா என்று கேட்டால், இளம் வயதினர் இப்போது சொல்கிறார்கள், பெரியவர்கள் அதிகம் சொல்வதில்லை. அவர்கள் தோளைத் தட்டி, குட், டஸ் எஸ் டிஷ் கிப்ட் என்பார்கள். நீ இருப்பது நல்லது, அவ்வளவே. பெண்கள் பெரும்பாலும் முதல் சொல்லை மாற்றி ஷோன், டஸ் எஸ் டிஷ் கிப்ட் என்பார்கள். என்னைக் கேட்டால் ஜெர்மனில் நட்புக்கு இதைவிட நல்ல வாக்கியம் இல்லை. பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமானதும் இல்லை: ஒருவர் பிறந்ததையே கொண்டாடும் நாளில், நீ இருப்பதே எனக்குச் சந்தோஷம் என்கிறீர்கள்.

‘என் நண்பன்’ என்று அறிமுகப்படுத்தினால் ஏன் சிரிக்கிறார்கள்?

நீங்கள் பெண்ணாக இருந்து மைன் ஃப்ராய்ண்ட் என்று சொன்னால் ‘என் காதலன்’ என்று எடுத்துக்கொள்வார்கள். ஆண் ஒருவர் மைனெ ஃப்ராய்ண்டின் என்றால் காதலி. வெறும் நட்பு என்றால் ஐன் ஃப்ராய்ண்ட் ஃபோன் மியர், என் நண்பர்களில் ஒருவர் என்று சுற்றிச் சொல்ல வேண்டும், பெண் என்றால் ஐனெ ஃப்ராய்ண்டின் ஃபோன் மியர். பிறந்தநாள் படத்தைப் போட்டுக் கீழே வாசகம் எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

மொழிபெயர்ப்பு ஆப்பில் ‘என் அன்பு நண்பனே’ என்று போட்டேன், ‘மைன் லீபர் ஃப்ராய்ண்ட்’ என்று தந்தது. சரிதானே?

இலக்கணம் சரி. ஆனால் சத்தமாகச் சொல்லும்போது அந்தத் தொடர் பெரும்பாலும் கண்டிப்புக்குத்தான் பயன்படுகிறது. வீட்டுக்கு லேட்டாக வந்த பையனிடம் அப்பா விரலை ஆட்டிக்கொண்டு ‘இதோ பார் தம்பி’ என்பாரே, அந்தத் தொனி. வாழ்த்தில் அதைத் தவிர்த்துவிட்டு, ஆணுக்கு லீபர் என்றும் பெண்ணுக்கு லீபெ என்றும் போட்டுப் பக்கத்தில் பெயரை எழுதினால் போதும். ஜெர்மனில் பெயரைச் சொல்லி அழைப்பதே நெருக்கம்.

நம்ம ஊர் ‘மச்சி’ மாதிரிச் சொல் ஏதாவது உண்டா?

உண்டு. பையன்களுக்குள் ஆல்ட்டர் என்பது சகஜம், நேர்ப்பொருள் ‘கிழவா’. ஹாம்பர்க் பக்கம் பிறந்து நாடு முழுக்கப் பரவியது டிகா. அல்லெஸ் கூட்டெ, ஆல்ட்டர் என்று இருபத்திரண்டு வயது நண்பனுக்கு அனுப்பினால் சிரிப்பான். அவன் அப்பாவுக்கு அனுப்பாதீர்கள். தோழிகளுக்குள் ஸ்யூஸெ என்றும் மௌஸ் என்றும் கூப்பிட்டுக்கொள்வார்கள், இனிப்பானவள், சுண்டெலி. ஷட்ஸ் என்பது புதையல். தம்பதிகளின் சொத்து அது, நண்பர்களுக்கு வேண்டாம். ஆண் ஒருவர் தோழியை மௌஸ் என்று அழைத்தால் அர்த்தம் வேறு மாதிரிப் போகும்.

டூவா, ஸீயா? நீ, நீங்கள் குழப்பம் அங்கேயும் இருக்கிறதா?

இருக்கிறது, நமக்குப் பழக்கப்பட்ட குழப்பம்தான். டூ என்பது நீ, ஸீ என்பது நீங்கள். நண்பர் என்றாலே டூ. நண்பரின் அம்மாவுக்கும் சேர்த்து வாழ்த்த நேர்ந்தால் அவராக ‘டூ என்றே சொல்’ என்னும்வரை ஸீதான். ஆன்ட்டி என்றெல்லாம் அழைக்கும் வழக்கம் இல்லை. ஃப்ராவ், அதாவது திருமதி என்று போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவர்தான் டூவை முன்வைப்பார், நீங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரியாதை வாழ்த்து இப்படி: இஷ் வுன்ஷெ ஈனென் அல்லெஸ் கூட்டெ ட்ஸும் கெபூர்ட்ஸ்டாக்.

கடிதத்தில் டூவைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா சிறிய எழுத்தில் தொடங்குவதா என்றும் கேட்கிறார்கள். 1996 எழுத்துச் சீர்திருத்தம் சிறிய எழுத்துதான் என்றது. 2006இல் திருத்தம் வந்து, கடிதங்களில் இரண்டுமே சரி என்று ஆனது. வயதானவர்கள் பெரிய எழுத்தை விரும்புகிறார்கள். ஸீக்கும் ஈனெனுக்கும் (உங்களுக்கு) எப்போதும் பெரிய எழுத்து.

ஒரு முழு வாழ்த்தை எழுதிக் காட்டுங்களேன்.

கவிதா என்பவர் லேனா என்ற தோழிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

லீபெ லேனா,
அல்லெஸ் லீபெ ட்ஸும் கெபூர்ட்ஸ்டாக்! இஷ் டெங்கெ ஹொய்ட்டெ கன்ட்ஸ் ஃபெஸ்ட் அன் டிஷ். வைஸ்ட் டூ நொஹ், வீ வியர் இம் ரேகென் அவ்ஃப் டென் லெட்ஸ்டென் புஸ் கெவார்ட்டெட் ஹாபென்? டங்கெ, டஸ் டூ இம்மர் ஃப்யூர் மிஷ் டா பிஸ்ட். இஷ் வுன்ஷெ டியர் ஐன் ஷோனெஸ் நொயெஸ் லேபென்ஸ்யார், ஃபீல் கெஸுண்ட்ஹைட் உண்ட் கன்ட்ஸ் ஃபீல் கூஹென். ஃபையர் ஷோன்!
இஷ் ட்ருக் டிஷ்,
டைனெ கவிதா

தமிழில் சொன்னால்: பிறந்தநாளுக்கு என் அன்பெல்லாம். இன்றைக்கு உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழையில் கடைசி பஸ்ஸுக்குக் காத்து நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? எப்போதும் எனக்காக இருப்பதற்கு நன்றி. புதிய வயது நன்றாக அமையட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும், கேக்கும் நிறையக் கிடைக்கட்டும். நன்றாகக் கொண்டாடு. இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன், உன் கவிதா.

இதில் உயிர் அந்த பஸ் வரிதான். மற்ற எல்லாம் கடையில் விற்கும் அட்டையிலும் இருக்கும். அந்த ஒரு வரி உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. உங்கள் சொந்த நினைவை அங்கே போடுங்கள், ஜெர்மனில் சொல்ல வராவிட்டால் ஆங்கிலத்திலாவது போடுங்கள், விட்டுவிடாதீர்கள். ‘நீ ஒரு தேவதை, உன்னைப்போல் உலகில் யாரும் இல்லை’ வகையறாவை ஜெர்மானியர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நடந்த ஒன்றைச் சொன்னால் நம்புவார்கள்.

சில நுணுக்கங்கள். விளித்த பிறகு காற்புள்ளி போட்டு, அடுத்த வரியைச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். கடைசியில் அனுப்புகிறவர் ஆண் என்றால் டைன், பெண் என்றால் டைனெ. வாங்குகிறவர் யாராக இருந்தாலும் சரி. கட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம் இல்லையென்றால் லீபெ க்ரூஸெ போதும், அன்பு வணக்கங்கள். ஆப் சில சமயம் மிட் ஃப்ராய்ண்ட்லிஷென் க்ரூஸென் என்று முடித்துத் தரும். அதில் நட்பு என்ற சொல்லே இருந்தாலும் மின்வாரியம் பில் அனுப்பும்போது போடுகிற முடிப்பு அது, நண்பருக்கு ஆகாது.

‘நூறாண்டு வாழ்க’, ‘கடவுள் ஆசீர்வதிப்பார்’ என்றெல்லாம் எழுதலாமா?

நூறாண்டு, நீடூழி எல்லாம் அங்கே வேடிக்கையாகத்தான் படும். அந்த இடத்தில் அவர்கள் வைப்பது கெஸுண்ட்ஹைட், உடல்நலம். இருபத்தைந்து வயதுக்காரருக்கும் உடல்நலம்தான் முதலில் வரும், அதைப் பார்த்து ‘எனக்கு என்ன வியாதி’ என்று யாரும் கேட்பதில்லை. கடவுளின் ஆசி, கோட்டெஸ் ஸேகென், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்று தெரிந்தால் எழுதுங்கள். மத நம்பிக்கை இல்லாதவர்கள் நிறையப் பேர், குறிப்பாகக் கிழக்குப் பகுதியில்.

ரோஜாப்பூப் படம், கவிதை ஃபார்வர்டு?

குடும்பக் குழுவில் பாட்டிமார்கள் அங்கேயும் அனுப்புகிறார்கள். நீங்கள் அனுப்ப வேண்டாம்.

நண்பர் ஆபீசுக்கு கேக் நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

இல்லை, அவரே கொண்டுவருவார். பிறந்தநாள்காரரை கெபூர்ட்ஸ்டாக்ஸ்கிண்ட், பிறந்தநாள் குழந்தை என்பார்கள், எண்பது வயதானாலும். அந்தக் குழந்தைதான் காலையில் தன் கையால் செய்த கேக்கையோ பேக்கரியில் வாங்கியதையோ அலுவலகச் சமையலறையில் வைத்துவிட்டு எல்லாருக்கும் மெயில் போடும். சக ஊழியர்கள் ஒரு உறையைச் சுற்றுக்கு விட்டுக் காசு சேர்த்து, எல்லாரும் கையெழுத்துப் போட்ட அட்டையோடு பரிசு கொடுப்பார்கள். ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்: உங்கள் பிறந்தநாளில் யாராவது கேக் வாங்கிவருவார்கள் என்று காத்திருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு டப்பா ரவா லட்டு கொண்டுபோனாலும் கணக்கு சரி.

ஓட்டலுக்குக் கூப்பிட்டால் அவர் பயன்படுத்தும் சொல்லைக் கவனியுங்கள். ஐன்லாடென், அதாவது விருந்துக்கு அழைப்பது என்று சொன்னால் பில் அவருடையது. ‘எல்லாரும் போய்ச் சாப்பிடலாமா’ என்று மட்டும் கேட்டால் அவரவர் தட்டுக்கு அவரவர்.

வீட்டுக்கு அழைத்திருக்கிறார். பூ கொண்டுபோகலாமா?

நல்ல தேர்வு. பழைய வழக்கப்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்கி, சுற்றியிருக்கும் காகிதத்தை வாசலிலேயே எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இளையவர்கள் இதைப் பார்ப்பதில்லை, அவர்கள் அம்மா பார்ப்பார். சிவப்பு ரோஜா காதலுக்கு. வெள்ளை லில்லியும் சாமந்தி இனப் பூக்களும் கல்லறைக்கு. நமக்குச் சாமந்தி இல்லாமல் விசேஷமே இல்லை, அங்கே அப்படியில்லை. ‘காபியும் கேக்கும்’ என்று அழைத்திருந்தால் பிற்பகல் மூன்று, நாலு மணி என்று அர்த்தம், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பரிசை உங்கள் எதிரிலேயே பிரிப்பார், நாகரிகக் குறைவு என்று நினைக்காதீர்கள். பிரிக்காமல் ஓரமாக வைத்தால்தான் அங்கே மனவருத்தம்.

முப்பதாவது பிறந்தநாளில் படிக்கட்டைப் பெருக்க வைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான், வட ஜெர்மனியில். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத ஆண் நகர மண்டபத்தின் படிகளைப் பெருக்க வேண்டும். பிரேமன் நகரில் பேராலயத்தின் படிகள். நண்பர்கள் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த பாட்டில் மூடிகளை மூட்டையோடு கொட்டுவார்கள். பெருக்குவதற்குக் கொடுப்பது உருப்படியான துடைப்பமாக இருக்காது, பல்துலக்கும் பிரஷ் அளவுக்கு எதையாவது நீட்டுவார்கள். பாதி பெருக்கியதும் இன்னொரு மூட்டை கொட்டப்படும். தொப்பி, கோமாளி உடை, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் ஊர் மக்கள், கையில் பியர். ஒரு கன்னிப்பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை என்பது விதி. கல்யாணம் ஆகாத பெண் என்றால் படிக்கட்டுக்குப் பதில் கதவுக் கைப்பிடிகளைப் பளபளவென்று துடைக்க வேண்டும், அதற்கு முன்பு அதில் கண்டதையும் பூசி வைத்திருப்பார்கள்.

இருபத்தைந்துக்கும் ஒன்று இருக்கிறது. ஆண் வீட்டு வாசலில் பழைய சாக்ஸ்களைத் தோரணமாகக் கட்டுவார்கள், ஏனென்றால் ‘பழைய சாக்ஸ்’ என்பது வயதாகிப்போன ஆளுக்குக் கேலிப்பெயர். பெண்ணுக்கு அட்டைப்பெட்டித் தோரணம். ‘பழைய பெட்டி’ கேலிப்பெயர் மட்டுமில்லை, வசவும்கூட, அதனால் இந்த வழக்கம் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. நம் ஊரில் கல்யாண வயதைத் தாண்டினால் சித்தப்பா, பெரியம்மா எல்லாம் வீடு தேடி வந்து கேட்பார்கள். அங்கே நண்பர்கள் ஊரைக் கூட்டிக் கேட்கிறார்கள். எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை, அங்கே பியராவது உண்டு.

தெற்கே பவேரியாவில் இந்தக் கூத்து அவ்வளவாக இல்லை. அந்தப் பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு காலத்தில் பிறந்தநாளைவிட, தன் பெயரைக் கொண்ட புனிதரின் திருநாளே பெரிதாக இருந்தது. இன்னும் சில பாட்டிகள் அன்றைக்கும் வாழ்த்தை எதிர்பார்ப்பார்கள்.

கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமே ஜெர்மனியிலிருந்துதான் வந்ததா?

பழைய பதிவுகளில் ஒன்று அங்கிருந்துதான். 1746இல் சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பு கொள்ளும் அளவுக்குப் பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒன்றாகத் துளையிட்டு மெழுகுவத்தி நட்டு, நடுவில் ஒன்று வைத்ததாக எழுதப்பட்டிருக்கிறது. 1700இல் பிறந்தவர், ஆக வயதுக்கு நாற்பத்தாறு, நடுவில் இருந்ததையும் சேர்த்தால் நாற்பத்தேழு வத்தி. இவர் படித்தது ஹாலே நகரில், 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் கற்ற சீகன்பால்கு படித்த அதே ஊர். இவர் வளர்த்த மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைய கேக்கில் வத்திகளை ஊதிவிட்டு மனத்தில் நினைத்ததை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது.

ஆஸ்திரிய, சுவிஸ் நண்பர்களுக்கும் இதேதானா?

அல்லெஸ் கூட்டெ எங்கும் செல்லும். வியன்னா பக்கத் தோழி என்றால் கடைசியில் புஸ்ஸி என்று முடிக்கலாம், முத்தம், நட்பு முத்தம்தான். நேரில் கன்னத்தோடு கன்னம் வைப்பது ஆஸ்திரியாவில் இரண்டு முறை, சுவிட்சர்லாந்தில் மூன்று; ஜெர்மனியில் ஒரு கட்டிப்பிடித்தல். சுவிஸ் நண்பரை அசத்த வேண்டுமா, அவர்கள் பேச்சு வழக்கிலேயே அல்லெஸ் கூவெட்டி சொல்லிப் பாருங்கள். சூரிச்சிலும் பேர்னிலும் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் உங்கள் சொந்தத்தில் இருந்தால் அவர்களிடம் ஒரு குரல் பதிவு கேட்டு வாங்குங்கள், இந்தப் பக்கம் தேவையே இல்லை.

தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாமா?

அழைப்பது மதிப்பான விஷயம், முக்கியமாக வயதானவர்களுக்கு. இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே அமைதி நேரம், பலர் 9 மணிக்கே அழைப்பை எடுக்க யோசிப்பார்கள். வீடியோ அழைப்பு என்றால் முன்கூட்டியே ஒரு செய்தி போட்டுவிட்டு அழையுங்கள். பாடத் தெரிந்தால் பாடுங்கள்: அதே ஹேப்பி பர்த்டே மெட்டில் ட்ஸும் கெபூர்ட்ஸ்டாக் ஃபீல் க்ளுக் என்று நாலு வரி, நடுவில் பெயர்.

வாழ்த்து அனுப்பினேன், ‘டங்கெ’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. கோபமா?

இல்லை. அன்றைக்கு வந்த எல்லா வாழ்த்துக்கும் அப்படித்தான் பதில் போயிருக்கும். சிலர் அன்று எதற்குமே பதில் போடாமல் மறுநாள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நன்றி எழுதுவார்கள். நன்றியோடு டஸ் இஸ்ட் லீப் ஃபோன் டியர், அதாவது உனக்கு எவ்வளவு அன்பு என்று சேர்த்திருந்தால் மனம் நிறைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஒரு இதயப் படத்தை அனுப்பிவிட்டு, கேக் என்ன கேக் என்று கேளுங்கள், பேச்சு தானாகத் தொடரும்.